வீசிங் என்ற ஒரு சொல் போதாது

கடலூரிலோ சிதம்பரத்திலோ குழந்தைகள் நலப் பிரிவின் வாயிலில் ஒரு முற்பகல் நின்று கேட்டால், பெற்றோர் நாவில் மிகுதியாகப் புழங்கும் சொல் 'வீசிங்' என்பது விளங்கும். முன்பு இதே தொல்லைக்கு இழுப்பு, இளைப்பு, ஈளை, கணை என்று பல பெயர்கள் இருந்தன. இன்று அவை யாவும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. "என்ன செய்கிறது குழந்தைக்கு?" என்றால், "வீசிங் சார்" என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, "ஆஸ்துமாவாம், பக்கத்து கிளினிக்கில் சொன்னார்கள்" என்று வருகிறது. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. அத்தூரத்தைக் கடக்காமலே பல குழந்தைகள் ஆஸ்துமா நோயாளிகள் ஆகிவிடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

வீசிங் என்பது நோயின் பெயர் அன்று. அது ஓர் ஒலியின் பெயர். காய்ச்சல் என்று சொன்னால் அதற்குள் டெங்குவும் இருக்கலாம், டைஃபாய்டும் இருக்கலாம், நான்கு நாளில் தானே போகும் சளிக்காய்ச்சலும் இருக்கலாம் என்று இன்று எல்லோரும் அறிந்திருக்கிறோம். வெறும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால் எந்தத் தாயும் நிறைவடைவதில்லை. எதனால் என்று கேட்கிறாள். வீசிங் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை.

குழல் குறுகினால் காற்று ஓசையிடும். புல்லாங்குழலிலும் அதுவே, மூச்சுக் குழலிலும் அதுவே. குழந்தையின் மூச்சுக் குழல்கள் இயல்பிலேயே மிகச் சிறியவை. குழலின் உள் ஆரம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு ஏற்படும் தடை இரு மடங்கு அன்று, பதினாறு மடங்கு கூடுகிறது. ஆகவே பெரியவர்களுக்கு வெறும் இருமலாக முடியும் சளி, கைக்குழந்தைக்கு இழுப்பாக மாறுவதில் வியப்பில்லை. குழல் குறுகும் வழிகளும் ஒன்றல்ல. சுற்றியுள்ள தசை இறுகலாம்; ஆஸ்துமாவில் நேர்வது பெரும்பாலும் இது. உட்சுவர் வீங்கிச் சளி நிறையலாம். வைரஸ் தொற்றில் நேர்வது இது. உள்ளே ஒரு பொருள் சிக்கி அடைக்கலாம். வெளியிலிருந்து நெறிக்கட்டியோ, பருத்த இதயமோ, பிறவியிலேயே தடம் மாறிய இரத்தக் குழாயோ நெருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பில் இவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே சீழ்க்கையாகவே கேட்கின்றன.

இவற்றுள் மிகப் பெரும்பான்மை வைரஸ் தொற்றே. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்களால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சளியும் இழுப்பும் வருகின்றன. சில நாட்களில் போகின்றன. அடுத்த சளியில் மீண்டும் வருகின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தூசான் நகரில் 1980ஆம் ஆண்டு தொடங்கி, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். 1995இல் வெளியான அதன் முடிவு உலகெங்கும் குழந்தை மருத்துவர்களின் எண்ணத்தை மாற்றியது. மூன்று வயதுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இழுப்பு வந்திருந்தது; அவ்வாறு வந்த குழந்தைகளில் 60 விழுக்காட்டினருக்கு ஆறு வயதாகும்போது அது இல்லை. குழல் வளர்ந்தது, ஓசை நின்றது, அவ்வளவே. இத்தகைய குழந்தையின் நோட்டில் ஒன்றரை வயதிலேயே ஆஸ்துமா என்று எழுதிவிட்டால், அதன்பின் பள்ளியில் ஓடவிடுவதில்லை. தயிரும் வாழைப்பழமும் நிறுத்தப்படுகின்றன. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் அழைத்துச் செல்வதில்லை. நோயைக் காட்டிலும் அதன் பெயரே குழந்தையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

ஆனால் நாங்கள் இக்கட்டுரையை எழுத முற்பட்டது அதற்காக மட்டும் அன்று. தானே சரியாகிவிடும் இழுப்பைத் தவறாகப் பெயரிட்டால் மனக்கவலையோடு போகும். தானே சரியாகாத ஒன்றைத் தவறாகப் பெயரிட்டால் நுரையீரலின் ஒரு பகுதியே போய்விடக்கூடும். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பொருள் ஒன்று வீட்டுக்கு வீடு மூட்டையில் இருக்கிறது. வெளியூரார் நிலக்கடலை என்பதை நாம் மல்லாட்டை என்கிறோம். மணிலாக் கொட்டை என்பது நம் பக்கத்து நாவில் உருண்டு மல்லாட்டை ஆயிற்று என்பார்கள். விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் ரகம் ரகமாக வெளியிட்டிருக்கும் பயிர் இது. நம் உழவர்களுக்குச் சோறு போடும் பயிர். அதன்மேல் எங்களுக்குப் பகையில்லை. எனினும், இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக் குழலிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் முதலிடம் பெறுவது இதுவே என்பதைச் சொல்லாமல் இருக்கவியலாது. பண்ணுருட்டி முந்திரி, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பேனா மூடி, ஊக்கு ஆகியவை அதற்குப் பின்னால் வருகின்றன.

நிகழும் முறை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றே. குழந்தைக்கு ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும். திண்ணையில் பெரியவர்கள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பருப்பு குழந்தையின் கைக்கு வரும். கடிக்க முன்பற்கள் உண்டு, அரைக்கக் கடைவாய்ப் பற்கள் இன்னும் முளைக்கவில்லை. சிரிக்கும்போதோ அழும்போதோ ஓடும்போதோ மூச்சை உள்ளிழுக்கும் அந்த நொடியில் பருப்பு வழி மாறுகிறது. புரையேறுகிறது, முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய இருமுகிறது, சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறோம். குழந்தை விளையாடப் போகிறது.

இந்த அமைதியே நம்மை ஏமாற்றுவது. பருப்பு வெளியே வந்துவிட்டதால் இருமல் நிற்கவில்லை; அது கீழே, ஏதேனும் ஒரு பக்கக் குழலில் போய் அமர்ந்துவிட்டதால் நின்றிருக்கிறது. சில நாட்கள், சில வேளை சில வாரங்கள்கூட, அறிகுறி ஏதும் தெரியாது. அதற்குள் பருப்பு ஈரம் உறிஞ்சி ஊதுகிறது. அதன் எண்ணெய் குழலின் மென்சுவரைப் புண்ணாக்குகிறது. பிறகு இருமல், இழுப்பு, காய்ச்சல் தொடங்கும்போது, சென்ற வாரத்துப் புரையேற்றத்தை யாரும் நினைப்பதில்லை. அன்று குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாட்டியாகவோ அக்காவாகவோ இருந்திருப்பார். மருத்துவமனைக்கு வருபவர்களோ தாயும் தந்தையும். கேட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும், பாட்டியை யாரும் கேட்பதில்லை.

நெபுலைசர் வைத்தவுடன் இழுப்பு ஓரளவு தணிகிறது. ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தைக் குறைக்கிறது. "மருந்து கேட்கிறதே, ஆகவே ஆஸ்துமாதான்" என்ற முடிவு உறுதிப்படுகிறது. பத்து நாளில் மீண்டும் வருகிறது, மீண்டும் நெபுலைசர். எக்ஸ்ரேயும் கைகொடுப்பதில்லை. விழுங்கிய நாணயம் படத்தில் பளிச்சென்று தெரியும். மல்லாட்டைப் பருப்பு எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சை வெளியே விட்ட நிலையில் படம் எடுத்தால், அடைபட்ட பக்கத்து நுரையீரல் மட்டும் காற்று வெளியேறாமல் உப்பி நிற்பது சில வேளை புலப்படும். எல்லாம் சரியாகத் தோன்றும் படமும் உண்டு. எனவேதான், படம் நன்றாக இருக்கிறது என்பதால் ஐயத்தைக் கைவிடலாகாது. புரையேறிய வரலாறும், ஒரு பக்கம் மட்டும் மூச்சொலி குறைந்திருப்பதும் போதிய காரணங்கள் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம்.

இதற்கு மருந்து கிடையாது. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக் குழலுக்குள் பிராங்கோஸ்கோப் என்னும் குழாயைச் செலுத்திப் பொருளைக் கவ்வி எடுக்க வேண்டும். "இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்தா?" என்று பெற்றோர் அஞ்சுவது இயற்கை. அச்சத்தை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பொருள் உள்ளேயே தங்கினால் அதற்குக் கீழுள்ள நுரையீரல் சுருங்கும். மீண்டும் மீண்டும் நிமோனியா வரும். மாதங்கள் கடந்தால் குழல்கள் நிலையாகச் சிதைந்து, சீழ்ச்சளி வாழ்நாள் துணையாகிவிடும். இம்முறை புதிதும் அன்று. 1897ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் கில்லியன் ஓர் உழவரின் மூச்சுக் குழலிலிருந்து எலும்புத் துண்டை இவ்வாறு எடுத்தார். பின்னர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். மூச்சுக் குழல்களிலிருந்தும் உணவுக் குழல்களிலிருந்தும் அவர் எடுத்துச் சேர்த்து வைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. இழுப்பைக் கேட்டவுடனே ஆஸ்துமா என்று முடிவு கட்டலாகாது என மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் மண்ணுக்கே உரிய இன்னொரு வேடமும் உண்டு. கடலூர் மாவட்டம் யானைக்கால் நோய் நெடுங்காலம் வேரூன்றியிருந்த பகுதி. தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதைப் பரப்பியது. ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையைப் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். அந்நோயின் நுண்புழுக்களுக்கு எதிராகச் சிலருடைய உடல் அளவுக்கு மீறிச் சினங்கொள்ளும்போது, கால் வீங்குவதில்லை, நுரையீரல் அழற்சியுறுகிறது. இரவெல்லாம் இருமல், விடியற்காலையில் இழுப்பு, மெலிவு. ஆஸ்துமாவிலிருந்து பிரித்தறிய இயலாத தோற்றம். 1940இல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்களான ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும், காசநோய் என்று கருதப்பட்டு வந்த சிலருக்கு அந்நோயே இல்லை, இரத்தத்தில் ஈஸினோபில் அணுக்கள்தாம் மிகுந்திருக்கின்றன என்று எழுதினார்கள். 1943இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு வெப்ப மண்டல ஈஸினோபீலியா என்று பெயரிட்டார். இயல்பாகச் சில நூறாக இருக்க வேண்டிய அவ்வணுக்கள் இந்நோயில் மூவாயிரத்துக்கு மேல் ஏறிவிடும். மூன்று வாரம் டி.இ.சி. கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். யானைக்கால் ஒழிப்புப் பணியால் இது இன்று அருகிவிட்டது; இளைஞர்களைவிடக் குழந்தைகளிடம் குறைவும்கூட. ஆயினும் இன்ஹேலருக்கு மசியாத இரவு இருமலுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது பெருஞ்செலவன்று. இதில் ஒரு வேடிக்கை: தும்மல் வந்தாலே "எனக்கு ஈஸினோபீலியா" என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. குடற்புழுவாலும் ஒவ்வாமையாலும் அவ்வணுக்கள் சற்றுக் கூடுவது வழக்கமே. அதை இந்நோயோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்ற பெயரும் அவ்வாறே. தமிழ்நாட்டில் இந்த ஆங்கிலச் சொல் தெரியாத தாய் இருக்கமாட்டாள். குழந்தைகளுக்கு வரும் காசநோயின் முதல் நிலையைக் குறிக்கும் சொல் அது. அடிக்கடி சளி பிடிக்கும், எடை ஏறாத குழந்தைக்கெல்லாம் இப்பெயரைச் சூட்டி ஆறு மாதம் மருந்து கொடுப்பது ஒருபுறம் நடக்கிறது. மெய்யான காசநோயின் நெறிக்கட்டி குழலை நெருக்கி உண்டாக்கும் இழுப்பை ஆஸ்துமா என்று விட்டுவிடுவது மறுபுறம் நடக்கிறது. காசநோயைக் கண்டறிய இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்கும் பரிசோதனைகளை இந்திய அரசு 2012ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அத்தகைய அறிக்கையை வைத்து யாரேனும் மருந்து தொடங்கச் சொன்னால், சளியையோ இரைப்பை நீரையோ எடுத்து நேரடியாகக் கிருமியைத் தேடும் பரிசோதனை செய்யலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் என் பிள்ளைக்கு ஆஸ்துமா இல்லை" என்று யாரும் இன்ஹேலரை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடக் கூடாது. அது எங்களை நாங்களே தோற்கடித்துக்கொள்வதாகும். மெய்யான ஆஸ்துமா உள்ள குழந்தைகள் நம்மிடையே ஏராளம். அவர்களில் பலருக்கு அப்பெயர் சொல்லப்படாமல், சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் மாறி மாறிக் கொடுக்கப்படுகின்றன. ஓடினால் இருமல், சிரித்தால் இருமல், போகிப் புகையிலும் கொசுவர்த்திப் புகையிலும் இழுப்பு, தாய்க்கோ தந்தைக்கோ அதே தொல்லை, உடம்பில் கரப்பான், ஐந்து வயதுக்குப் பின்னும் தொடர்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் ஆஸ்துமாவை மறுப்பதும் தீங்கே. "இன்ஹேலர் பழகிவிடும்" என்ற அச்சத்துக்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். சால்பியூட்டமால் இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் இருபது மடங்கு. மாத்திரைக்கு அஞ்சாமல் பஃப்புக்கு அஞ்சுவது எப்படி நியாயமாகும்?

ஆக, குழப்பத்தைத் தீர்ப்பது பெரிய கருவியன்று, ஒழுங்கான வரலாறு. இதில் நம் மாவட்டத்துக்கே ஒரு முன்மாதிரி உண்டு. கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களின் மக்கள், 2004 வாக்கிலிருந்து, காற்றில் நாற்றம் வந்த நாள், நேரம், அது எதைப் போன்றது என்பதையெல்லாம் தாமே குறித்து வைக்கத் தொடங்கினார்கள். புகை நெடி அடிக்கிறது என்று பொதுவாகச் சொன்னவரை யாரும் செவிசாய்க்கவில்லை. நாளும் நேரமும் எழுதப்பட்ட பிறகுதான் பேச்சு எடுபட்டது. குழந்தையின் இழுப்புக்கும் அப்படியொரு நோட்டு போதும். எந்த நாளில் தொடங்கியது, திடீரென்றா சளியோடு மெல்லவா, அன்று வீட்டில் என்ன தின்றார்கள், யார் பார்த்துக்கொண்டார்கள், இரவிலா பகலிலா, இடையில் முற்றிலும் நன்றாக இருக்கிறதா என்று எழுதுங்கள். இழுக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடியுங்கள். மருத்துவரிடம் வந்து சேரும்போது இழுப்பு நின்றுவிடுவது வழக்கம். மூக்கடைப்பின் கரகரப்பையும் மார்பின் சீழ்க்கையையும் அந்த அரை நிமிடம் பிரித்துக் காட்டிவிடும்.

மருத்துவர்களிடமும் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஒரே குழந்தை மூன்றாம் முறை நெபுலைசருக்காக வந்தால், நான்காம் முறைக்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி, "புரையேறியதா?" என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும், தொலைபேசியிலாவது பாட்டியைக் கேட்க வேண்டும். பால் குடிக்கும்போதே வியர்த்து இளைக்கும் குழந்தை, பிறந்த சில வாரங்களிலேயே ஒலி தொடங்கிய குழந்தை, எடை ஏறாத குழந்தை, விரல் நுனி பருத்த குழந்தை ஆகியோருக்கு ஆஸ்துமா என்ற விடை அனேகமாகத் தவறு. அவர்களை மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பத் தயங்கலாகாது.

வீட்டில் ஐந்து வயது நிறையும் வரை முழு மல்லாட்டை, முழு முந்திரி வேண்டாம். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். சத்து ஒன்றும் குறையாது. அண்ணன் தின்றால் தம்பியும் கேட்பான் என்பதால், இந்த விதி வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். புரையேறிய குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போகும். இருமலோ அழுகையோ வெளிவராமல் திணறினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் அடுத்து மார்பெலும்பின் மேல் இரு விரலால் ஐந்து முறை அழுத்தி, பெரிய குழந்தையாயின் பின்னாலிருந்து வயிற்றின் மேற்பகுதியை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்தி, மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் மற்றொருவர் 108ஐ அழைக்கட்டும்.

புரையேற்றம் அடங்கிவிட்டாலும், அதன்பின் இருமலோ இழுப்போ சிறிதளவு இருந்தால்கூட அன்றே வந்துவிடுங்கள். குழாய் வைத்து எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு, வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மருக்கு, இங்கிருந்து கடிதம் கொடுத்து அனுப்புவோம். பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு அனைத்தையும் எடுத்து வாருங்கள். புரையேறும்போது அருகில் இருந்தவர் யாரோ அவரும் உடன் வரட்டும். வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு தேவைப்படும். குழந்தையைப் படுக்க வைக்காமல், மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அழவிடாமல் கொண்டு வாருங்கள்.